ஆடிக்காத்துல எலெக்ட்ரிக் கார்: நெல்லைச் சீமை சுத்தின டைரி

வெள்ளி: பாளையங்கோட்டை, அம்பை, காரையார்

எலெக்ட்ரிக் கார் வச்சிருக்கவங்க யாரப் பாத்தாலும் சென்னை போனேன் பெங்களூர் போனேன்னு நாலுவழிச்சாலை கதைதான் சொல்லுவாங்க, எனக்கு ரொம்ப நாளா ஆசை நம்ம ஊருக்குள்ளயே ஒரு சுத்து சுத்தணும்னு. அம்பை, குத்தாலம், பணகுடி, உவரி, திருச்செந்தூர். பாதி ஊர்ல சொந்தக்காரங்க, பாதி ஊர்ல கோயில், முக்காவாசி கிளைரோடு. ஹைவேல பாஸ்ட் சார்ஜர் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், உள்ள போனா என்ன நிலைமைன்னு யாரும் எழுதிப் பாத்ததில்ல, அதான் தினமும் ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னால எழுதிப் போடுறேன். வண்டில எங்க வீட்டுக்காரர், அம்மா, பாப்பா, நான். ஓட்டுறது நான்.

வண்டி டாடா நெக்ஸான் எலெக்ட்ரிக், பழைய மாடல். பேட்டரி 30.2 கிலோவாட் அவர், நம்ம ஈபி கணக்குல 30 யூனிட்டு. கம்பெனி சொல்ற கணக்கு 312 கிலோமீட்டர், நாலு பேரு ஏறி ஏசி போட்டு நம்ம ரோட்டுல ஓட்டினா 200, அவ்வளவுதான், இத தெரிஞ்சுதான் வாங்கினோம். ராத்திரி வீட்டு 15 ஆம்ப்ஸ் பிளக்ல குத்தி விட்டா விடியும்போது புல். ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள்ள நின்னா ஒரு ஸ்லாப், தாண்டினா வேற ஸ்லாப், அந்தக் கோட்டத் தாண்டினப்புறம் வர்ற ரேட்டுல பாத்தாலும் 200 கிலோமீட்டருக்கு முந்நூறு ரூவா சுமாருதான் ஆகும், அதே தூரத்துக்கு பெட்ரோல் காருக்கு ஆயிரத்து முந்நூறு ஆகும். கேக்கறவங்க எல்லாரும் மொதல்ல இதத்தான் கேக்காங்க, அதனால மொதல்லயே சொல்லியாச்சு.

சேரன்மாதேவி தாண்டினதும் ஏசிய நிப்பாட்டி கண்ணாடிய எறக்கிட்டோம். ரெண்டு பக்கமும் கார் நெல்லு பச்சப்பசேல்னு நிக்கி, கன்னடியன் கால்வாய்ல தண்ணி போற சத்தம் வண்டிக்குள்ள கேக்குது, எங்கயோ மயில் கத்துறது கேக்குது. இஞ்சின் சத்தம் இல்லாதது எவ்வளவு பெரிய விஷயம்னு டவுனுக்குள்ள ஓட்டும்போது தெரியல, ஆத்தங்கரை ரோட்டுலதான் தெரியுது. அம்மா பின்னால இருந்து "ஏட்டி, வண்டி ஓடுதா நிக்கா?"ன்னு கேட்டாங்க. ஆனா இதுல ஒரு கவனம் வேணும், வீரவநல்லூர் தெருவுல வயசானவங்க பின்னால வண்டி வர்றது தெரியாமயே நடுவுல போறாங்க, சட்டுனு ஹாரன் அடிச்சா பயந்துருவாங்க. தூரத்துலயே லேசா ஒரு தட்டு தட்டிட்டு நடக்கிற வேகத்துக்கு எறக்கிருவேன்.

பாபநாசம் செக்போஸ்ட்ல பிளாஸ்டிக் கவர் இருக்கான்னு பாத்த அண்ணாச்சி, பச்ச நம்பர் போர்டப் பாத்துட்டு "கவர்மெண்ட் வண்டியா?"ன்னு கேட்டாரு. இல்லண்ணே, கரண்டு வண்டிக்கு பச்சப் போர்டுதான்னு சொன்னதும் குனிஞ்சு வண்டிக்கு அடியில எல்லாம் பாத்தாரு, "அப்போ சைலன்சரே கெடயாதா"ன்னு ஆச்சரியம்.

இந்த இடத்துல எனக்கு மனசு நெறஞ்சு போச்சு, ஏன்னா பாபநாசம் மின் நிலையம் 1944ல இருந்து ஓடுது, 32 மெகாவாட். முழு வேகத்துல ஒரு மணி நேரம் ஓடினா எங்க வண்டி மாதிரி ஆயிரம் வண்டிக்கு புல் சார்ஜ். அதுக்கும் முன்னால 1880கள்லயே விக்கிரமசிங்கபுரம் ஹார்வி மில்லு இந்த ஆத்துத் தண்ணி வேகத்த வச்சுதான் ஓட ஆரம்பிச்சுது. தாமிரபரணி தண்ணில கரண்டு எடுத்து, அதே தாமிரபரணிக்கரைல வண்டி ஓட்டுறேன், அரபு நாட்டுல இருந்து கப்பல்ல ஒன்னும் வர வேண்டாம். பாப்பாவுக்கு இத விளக்கி சொல்லச் சொல்ல எனக்கே பெருமையா இருந்துச்சு.

காரையார் ஏத்தத்துல சார்ஜ் மடமடன்னு எறங்கும், அதுக்குப் பயப்பட வேண்டாம். சொரிமுத்து அய்யனார கும்பிட்டுட்டு திரும்பி வரும்போது எறக்கத்துல ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா மோட்டார் தானே ஜெனரேட்டர் ஆயிரும், வண்டியும் மெதுவாகும், பேட்டரிக்கும் திரும்ப ஏறும். செங்குத்தான இடத்துல 62ல இருந்து 63 ஆச்சு. ஒரே ஒரு பர்சென்ட்தான், ஆனா பெட்ரோல் கார்ல அது பூரா பிரேக்கு சூடா காத்துல போற சக்தி. பாப்பா கைதட்டுனா.

ராத்திரி அம்பைல சித்தி வீடு. சித்தி சொதி வச்சு இஞ்சிப் பச்சடியும் அரைச்சு வச்சிருந்தாங்க, அதப் பத்தி தனியா எழுதணும். சாப்பிடுறதுக்கு முன்னால சார்ஜ் போடலாம்னு முன் திண்ணைல இருக்குற பவர் பிளக்ல குத்தினா சார்ஜர் பாக்ஸ்ல செவப்பு லைட்டு. எர்த் இல்லன்னு அர்த்தம், அதாவது கசியுற கரண்ட மண்ணுக்குள்ள எறக்குற லைன் சரியில்ல. சித்திக்கு ஒரே கவலை, "ஏ மாப்ள, எங்க வீட்டு கரண்டு ஆகாதோ?"ன்னு எங்க வீட்டுக்காரர்ட்ட கேக்காங்க. பக்கத்துத் தெரு எலெக்ட்ரீசியன் தம்பி வந்தான். ஒரு ஹோல்டர்ல குண்டு பல்பு, ரெண்டு வயரு, அவ்வளவுதான் அவன் கைல. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் வச்சான், பல்பு பளிச்சுன்னு எரிஞ்சுது. பேஸுக்கும் எர்த்துக்கும் வச்சான், உள்ள இருக்குற கம்பி மட்டும் செவப்பா தெரிஞ்சுது, வெளிச்சமே இல்ல. (கரண்டு கசிஞ்சா உடனே அணைக்கிற ஆர்சிசிபி சுவிட்சு போட்ட வீடா இருந்தா அந்த நிமிஷமே ட்ரிப் ஆயிருக்கும், இது பழைய வீடு.) "அக்கா, எர்த் குழி காஞ்சு கெடக்கு"ன்னு பின்பக்கம் போனான், முருங்கமரத்துக்குப் பக்கத்துல எர்த் பைப்பு, மேல செங்கல்லு, செங்கல்ல எடுத்தா உள்ள தூசியும் எலையும். வருஷக்கணக்கா யாரும் தண்ணி ஊத்தல. பைப்பு மேல வயரு முறுக்கின இடம் பச்சக் களிம்பு பிடிச்சிருந்துச்சு, அத சுரண்டி திருப்பி முறுக்கி நட்டு போட்டு இறுக்கினான், சித்தி கல்லுப்பு கொண்டு வந்தாங்க, நாலஞ்சு வாளி தண்ணி ஊத்துனோம், மண்ணு குடிச்சிக்கிட்டே இருக்கு. செத்த நேரம் கழிச்சு மறுபடி பல்பு வச்சா முன்ன மாதிரி இல்ல, நல்ல வெளிச்சம். சார்ஜர்ல பச்ச லைட்டு.

அந்தத் தம்பி சொன்னது எல்லாரும் கேட்டுக்கணும். செல பேரு பிளக்குக்குள்ள நியூட்ரலயும் எர்த்தயும் ஒரு சின்ன வயரப் போட்டு சேத்து விட்டுருவாங்களாம், சார்ஜர ஏமாத்த. "அது மட்டும் செய்யவே கூடாதுக்கா, நியூட்ரல் விட்டுப் போச்சுன்னா வண்டி பாடில கரண்டு நிக்கும்"னான். காருக்காக வந்த வேலைல சித்தி வீட்டு பிரிட்ஜுக்கும் கிரைண்டருக்கும் இன்னிக்குத்தான் ஒழுங்கான எர்த் கெடச்சிருக்கு. எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம்.

சனி: கடையம், தென்காசி, குத்தாலம்

காலைல 97 பர்சென்ட். கடையம் வழியா தென்காசி, மொத்தமே நாப்பது கிலோமீட்டர் சுமாரு, சார்ஜப் பத்தி நெனைக்கவே வேண்டாம். தென்காசி கோபுரம் தெரியும்போதே சாரல் ஆரம்பிச்சிருச்சு, பொடிப்பொடியா, வைப்பர் போடவா வேண்டாமான்னு யோசிக்க வைக்கிற மாதிரி.

மெயினருவில கூட்டம், அஞ்சருவில அதவிடக் கூட்டம், பழைய குத்தாலம் போனோம். கார் நிறுத்துற எடத்துல மதுரைப்பக்கம் இருந்து வந்த ஒரு பெரியவர், "மழைல நிக்குதே, தொட்டா ஷாக் அடிக்காதாம்மா?"ன்னு உண்மையாவே அக்கறையா கேட்டாரு. பேட்டரி பெட்டி தண்ணி புகாத மாதிரி அடச்சது, சார்ஜ் போடும்போதுகூட கேபிள் நுனில இருக்குற சார்ஜிங் கன்ன வண்டில சொருகினதும் வண்டியும் சார்ஜரும் ஒன்னோட ஒன்னு பேசி எல்லாம் சரின்னு தெரிஞ்சாத்தான் கரண்டே வரும்னு சொன்னேன். அடுத்து வழக்கமான கேள்வி, பேட்டரி போச்சுன்னா? எட்டு வருஷம் இல்லன்னா 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி. மாத்துற செலவு பெருசுதான், அத மறைக்கக் கூடாது, ஆனா பெட்ரோல்ல மிச்சம் ஆகுற காச ஒதுக்கி வச்சா சமாளிக்கலாம்னு எங்க வீட்டுக்காரர் கணக்கு போட்டுக் காமிச்சாரு. அந்தப் பெரியவரு பேரன்கிட்ட போன்ல கூப்பிட்டு சொல்லணும்னு எங்க வண்டிய போட்டோ எடுத்துக்கிட்டாரு.

லாட்ஜ்ல பார்க்கிங்ல பிளக் கெடயாது. மேனேஜர் அண்ணாச்சி நல்ல மனுசன், யோசிச்சு, "தரைத்தள ரூம் தாரேன், ஏசி பாயிண்ட் ஜன்னலுக்குப் பக்கத்துலதான் இருக்கு, இந்த சாரல்ல உங்களுக்கு எதுக்கு ஏசி"ன்னாரு. ஏசி பிளக்க உருவிட்டு நம்ம சார்ஜர குத்தி, ஜன்னல் வழியா கேபிள வெளிய விட்டு, பாக்ஸ தண்ணி நிக்காத மாதிரி ஜன்னல் திண்டுல வச்சு, வேலை முடிஞ்சுது. கடைக் கனெக்ஷன் ரேட்டு வீட்டு ரேட்ட விட ஜாஸ்திங்கறதால யூனிட்டுக்கு 15 ரூவா கணக்குப் போட்டு குடுத்தேன், வேண்டாம்னாரு, கட்டாயப்படுத்திதான் குடுத்தேன். இதுல நான் பிடிவாதமா இருக்கேன், இன்னிக்கு ஒருத்தர் ஓசில போட்டுட்டுப் போனா நாளைக்கு பத்து கார் வரும்போது அந்த லாட்ஜ்காரர் பிளக்கையே பூட்டி வச்சிருவாரு.

ராத்திரி பிரானூர் பார்டர்ல பரோட்டா, நாட்டுக்கோழி. வேற என்ன சொல்ல.

ஞாயிறு: திரும்ப பாளை

பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியா வீடு. இன்னிக்கு எழுத பெருசா ஒன்னுமில்ல. ஆலங்குளத்துல டீ, அங்க கரண்டு எடுக்குற காத்தாடி சுத்துது. துணி தொவைச்சு காயப்போட்டு, வண்டிய வீட்டு பிளக்ல போட்டாச்சு. நாளைக்கு தெக்க.

திங்கள்: நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி

இன்னிக்கு காத்து.

நாங்குநேரி வரைக்கும் மீட்டர்ல கிலோமீட்டருக்கு 130 வாட் அவர் கரண்டு செலவுன்னு ஒழுங்கா காமிச்சுக்கிட்டு இருந்துச்சு. வள்ளியூர் தாண்டினதும் 150, பணகுடி நெருங்க நெருங்க 168. அதே 65 வேகம், அதே நாலு பேரு, ரோடு மேடும் இல்ல. ஸ்டீரிங்க ரெண்டு கையால பிடிக்கணும், லாரி பக்கத்துல தாண்டிப் போகும்போது வண்டி ஒரு பக்கமா இழுக்குது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா மேக்க இருந்து வர்ற ஆடிக்காத்து இது, மலைக்கு நடுவுல இருக்குற அந்த சந்துல நெருங்கி வந்து இந்தப் பக்கம் வெடிச்சு அடிக்குது. நாம 65ல போகும்போது எதுக்க 30ல காத்து அடிச்சா வண்டிக்கு அது 95ல போற மாதிரிதான், காத்தோட தடை வேகத்துக்கு ஈடா ஏறாது, வேகத்தோட வர்க்கத்துக்கு ஏறும். பெட்ரோல் கார்லயும் இதே நஷ்டம்தான், ஆனா அங்க முள்ளு மெதுவா எறங்கறதால யாரும் கவனிக்கறதில்ல. நான் 50க்கு எறக்கினதும் 140க்கு வந்துருச்சு. இந்தப் பக்கம் ஆனி ஆடில வர்ற எலெக்ட்ரிக் கார்க்காரங்க கம்பெனி கணக்கையும் மறந்துரணும், வழக்கமான கணக்கையும் மறந்துரணும், கால்வாசி கூடுதலா வச்சுக்கிட்டு கெளம்பணும்.

ஆனா அதே காத்துதான் நமக்கு கரண்டும் குடுக்குது. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் காத்தாடி, கண்ணுக்கெட்டுன தூரம். தூத்துக்குடிப் பக்கம் 1986லயே காத்தாடி வச்சுப் பாத்தாங்க, அப்புறம் கயத்தாறு, முப்பந்தல், பணகுடி, ராதாபுரம்னு பரவிருச்சு. பழசு 250 கிலோவாட், அது முழு வேகத்துல ஒரு மணி நேரம் சுத்துனா எங்க வண்டிக்கு எட்டு தடவ புல் சார்ஜ். புதுசு நிக்குதே ஓங்கி, அது ரெண்டு மெகாவாட்டுக்கும் மேல. டீக்கடைல காத்தாடி வேலைக்குப் போற பையன் ஒருத்தன் இருந்தான், ஆடி முடியிற வரைக்கும் லீவே கெடயாதுக்கா, காத்து இருக்கும்போது ஒரு காத்தாடி நின்னா அவ்வளவும் நஷ்டம்னான். இந்தப்பக்கம் கூடங்குளம் வேற, ஒரு உலைக்கு 1000 மெகாவாட். அந்தப்பக்கம் கங்கைகொண்டான்ல சோலார் செல்லும் பேனலும் செய்யுற பெரிய ஆலை. தண்ணி, காத்து, அணு, வெயிலு, எல்லா வழிலயும் கரண்டுக்கு வேல செய்யுற சீமை இது.

அப்படிப்பட்ட ஊர்ல இன்னிக்கு நடந்தத சொல்லுதேன். ஹைவே ஓரத்துல ஒரு பாஸ்ட் சார்ஜர், ஆப்புல "காலியா இருக்கு"ன்னு பச்சையா காமிக்கி, போய்ப் பாத்தா மெஷின் இருட்டு. செக்யூரிட்டி அண்ணன் "ரெண்டு வாரமா இப்படித்தாம்மா நிக்கி, எல்லாரும் வந்து பாத்துட்டுப் போறாங்க"ன்னாரு. உதவி நம்பர்ல கூப்பிட்டா புகார் எடுத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான். எங்ககிட்ட 48 பர்சென்ட் இருந்துச்சு, அத்த வீடு பக்கம், பிரச்சன இல்ல. ஆனா கைக்குழந்தையோட எட்டு பர்சென்ட்ல ஒருத்தர் அந்த பச்ச புள்ளிய நம்பி வந்தா? மெஷின நட்டு ரிப்பன் வெட்டுறது பாதி வேலை கூட இல்ல, அது ஓடுதான்னு வாரம் ஒருதடவ ஒரு ஆளு வந்து பாக்கணும், ஓடலன்னா ஆப்புல உடனே அணைச்சு வைக்கணும். எனக்கு இதுல உண்மையிலேயே கோவம்.

அத்த வீட்டுல எர்த் நல்லா இருக்கு, ஆனா சாயங்காலம் வோல்டேஜ் கொறச்சல், ஏறி எறங்கி சார்ஜர் விட்டு விட்டுப் போகுது. மாமா உடனே, "தோட்டத்துல த்ரீ பேஸ் இருக்குல்லா, மோட்டார் ரூம்ல போடு தாயி"ன்னாங்க. வேண்டாம் மாமான்னுட்டேன். அது விவசாயத்துக்குன்னு 1990ல இருந்து எல்லா விவசாயிக்கும் ஓசியா குடுக்குற கரண்டு, தண்ணி இறைக்கத்தான், அதுல கார் ஓட்டுனா சட்டப்படியும் தப்பு, மனசுக்கும் ஒப்பாது. மாமாவுக்கு மொதல்ல வருத்தம், அப்புறம் "நீ சொல்றதும் நியாயம்தான்"னாங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல ஊரு அடங்கினதும் வோல்டேஜ் ஏறிருச்சு, அத்த வீட்டு பிளக்லயே நின்னு ஏறுது. இத எழுதும்போது 71. வெளிய காத்து தகரத்த பிச்சு எடுக்கி.

செவ்வாய்: ராதாபுரம், உவரி, திருச்செந்தூர்

91 பர்சென்ட்ல கெளம்புனோம். வடக்கன்குளம் தாண்டி கெழக்க திரும்பினதும் நேத்து எதுக்க நின்ன காத்து இன்னிக்கு முதுகுல. மீட்டர்ல 104! இந்த வண்டில இவ்வளவு கம்மியா நான் பாத்ததே இல்ல. எங்க வீட்டுக்காரர் அத போட்டோ எடுத்து வச்சிருக்காரு.

உவரில சுயம்புலிங்க சாமி, அப்புறம் கப்பல் மாதா கோயில், கடல்ல கால நனச்சோம். மணப்பாடு, குலசேகரப்பட்டினம், உடன்குடில கருப்பட்டி வாங்கினது, எல்லாம் வேகமா ஓடிருச்சு. ஓடைமரமும் பனையும் செம்மண்ணும், ரோட்டுல நாங்க மட்டும்தான்.

திருச்செந்தூர்ல சாமி கும்பிட்டு வந்தப்போ 42. பாளைக்கு அது தாராளம், சார்ஜ் போடணும்னே இல்ல. ஆனாலும் இந்த ஊர்ல போட எடம் இருக்கான்னு தெரிஞ்சுக்கணும்னு ஒவ்வொரு லாட்ஜா ஏறி கேட்டேன். எவ்வளவு கார் வருது இந்த ஊருக்கு, ராத்திரி பூரா சும்மா நிக்குது, காலைல நடை திறக்கிற வரைக்கும் யாரும் வண்டிய எடுக்கப் போறதில்ல. பாஸ்ட் சார்ஜரே தேவையில்ல, சாதா பிளக்கு போதும். இந்தா தூத்துக்குடில வின்பாஸ்ட் எலெக்ட்ரிக் கார் ஆலைய 2025 ஆகஸ்ட்ல தெறந்தாச்சு, மொதல் கட்டத்துலயே வருஷத்துக்கு 50,000 கார் செய்யலாம்னு திட்டம், திருச்செந்தூர்ல இருந்து கூப்பிடு தூரம். கார் இங்க செய்யுறோம், கரண்டு இங்க எடுக்குறோம், குத்துறதுக்கு ஒரு ஓட்டை மட்டும் இல்லன்னா எப்படி?

நெறைய பேரு "அதெல்லாம் இல்லம்மா"ன்னு முடிச்சிட்டாங்க. சன்னதித் தெருவுக்குப் பின்னால ஒரு சின்ன லாட்ஜ், ஓனர் அண்ணாச்சியே முன்னால உக்காந்திருந்தாரு, அவரு மட்டும் "என்ன செலவாகும், சொல்லுங்க"ன்னு பேப்பர எடுத்துட்டாரு. சொன்னேன்: 16 ஆம்ப்ஸ் சாக்கெட்டு ஒன்னு, மழை படாத மூடியோட, மெயின் போர்டுல இருந்து தனி லைனு 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர்ல, அதுக்குன்னு லோடு கூடுனா தானே அணையிற ஒரு எம்சிபி, ஒரு ஆர்சிசிபி, யூனிட்டு எண்ண ஒரு சப்மீட்டர், எல்லாத்துக்கும் மேல ஒழுங்கா தண்ணி ஊத்துற எர்த் குழி. பெரிய செலவு இல்ல, ஒரு ஏசி வாங்குற காசு கூட ஆகாது. அவரு ஒன்னொன்னா எழுதிக்கிட்டாரு, எர்த் குழிங்கறதுக்கு கீழ ரெண்டு கோடு போட்டாரு. "எங்க பார்க்கிங்ல ரெண்டு கார்தான் நிக்கும். ரெண்டுக்கும் ரெண்டு பாயிண்ட் போட்ருவோம், ஆவணித் திருவிழாவுக்கு முன்னாலயே"ன்னாரு. போன் நம்பர் வாங்கி வச்சிருக்கேன். போட்டுட்டாருன்னா திருவிழாவுக்கு அங்கதான் ரூம், ராத்திரி சார்ஜ் எப்படி ஏறுச்சுன்னு எழுதுறேன்.